1945: நாம் சொன்ன தவறான விடை

ஆண்டுதோறும் மே மாதம் எட்டாந் திகதி வரும்போது எமக்கு ஒரு வகுப்பறை நினைவுக்கு வருகிறது. நாம் இப்போது வாழும் ஜேர்மனியச் சிற்றூரில் அன்று நகரமண்டபத்தின் முன்னுள்ள நினைவுக்கல்லுக்கு மலர்வளையம் சாத்துவார்கள். நகரபிதா சில வார்த்தைகள் பேசுவார். முதியோர் சிலர் தொப்பியைக் கழற்றி நிற்பர். மற்றவர்கள் தத்தம் அலுவலைப் பார்த்துப் போவர். பேருந்துக்குக் காத்துநின்றபடி நாமும் பல ஆண்டுகள் அதனைப் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் எம் நெஞ்சை உறுத்துவது, முன்னொரு காலத்தில் ஒரு மாணவனுக்கு நாம் அவசரமாகச் சொன்ன ஒரு விடை.

1995 ஆம் ஆண்டு மே மாதம். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தோம். கலைப்பட்டம் பெற்று ஆசிரியப் பணியில் சேர்ந்து இரண்டாண்டுகூட நிறையவில்லை. மின்சாரம் இல்லாத காலம் அது. மாணவர்கள் இரவில் ஜாம்போத்தல் விளக்கில் படித்துவிட்டுக் காலையில் கண் சிவந்து வருவார்கள். ஏப்ரல் மாதத்தில் போர் மீண்டும் மூண்டிருந்தது. அன்றைய பாடம் இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டு. ஐரோப்பாவில் போர் முடிந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தமையால் பாடத்தைச் சற்றுச் சிறப்பாக நடத்த எண்ணி, கரும்பலகையின் இடப்பக்கம் திகதியும் வலப்பக்கம் நிகழ்ச்சியுமாக ஓர் அட்டவணை வரைந்தோம்.

பெப்ரவரி 4, யால்ற்றா மாநாடு ஆரம்பம். ஏப்ரல் 12, ஜனாதிபதி றூஸ்வெல்ற் மரணம். ஏப்ரல் 30, ஹிட்லர் தற்கொலை. மே 8, ஜேர்மனி சரண். ஜூன் 26, ஐக்கிய நாடுகள் சாசனம் கைச்சாத்து. ஜூலை 17, பொற்ஸ்டாம் மாநாடு ஆரம்பம். ஓகஸ்ட் 6, ஹிரோஷிமா. ஓகஸ்ட் 9, நாகசாகி. செப்ரெம்பர் 2, ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பம். மாணவர்கள் கொப்பிகளில் எழுதிக்கொண்டார்கள். எமது கையெழுத்து அழகானது. அதில் எமக்குப் பெருமையும் உண்டு.

பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்தான். பெயரை இங்கே எழுதுவது முறையாகாது. மெலிந்த பிள்ளை. அதிகம் பேசமாட்டான்.

"சேர், சண்டை முடிஞ்ச பிறகு அந்தச் சனமெல்லாம் தங்கடை வீட்டை போட்டுதுகளோ?"

"எந்தச் சனம்?"

"இடம்பெயர்ந்த சனம், சேர்."

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அட்டவணையில் இன்னும் சில வரிகள் எஞ்சியிருந்தன. அந்தக் கேள்வி பரீட்சைக்கு வராது என்பது எமக்குத் தெரியும். "ஓம், போட்டுதுகள். இரு, எழுது" என்றோம். அவன் இருந்தான், எழுதினான்.

அந்த விடை பிழை. அது எத்துணைப் பெரிய பிழை என்பதை அறிய எமக்குப் பல ஆண்டுகள் சென்றன. இக்கட்டுரை அதனைத் திருத்த எடுத்த முயற்சி.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி, ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் ஒழுங்கைகளில் வந்தன. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு அறிவித்தன. எமது தாயார் மறுநாட் காலைத் தோசைக்கு உழுந்து ஊறப்போட்டிருந்தார். அந்தச் சட்டியைச் சிறிது நேரம் பார்த்தபடி நின்றார். பின்பு அதன்மேல் ஒரு தட்டை மூடிவிட்டு வந்தார். அன்றிரவு மழையில், இலட்சக்கணக்கான மக்களோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம். பாலத்தருகே அந்த மாணவனைக் கண்டோம். சைக்கிளின் பின்கரியரில் தன் அம்மம்மாவை இருத்தி, ஒரு கையால் அவரைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு போனான். எம்மைக் கண்டு தலையசைத்தான். அதன்பின் அவனை நாம் காணவில்லை.

வன்னி, கொழும்பு என்று அலைந்து 1998 இல் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தோம். அகதி விசாரணையில் அதிகாரி ஒருவர், போர் ஓய்ந்தால் திரும்பிப் போவீர்களா என்று கேட்டார். அதே கேள்வி, இடம்மாறி எம்மிடம் வந்திருந்தது. என்ன விடை சொன்னோம் என்பது இப்போது நினைவில் இல்லை. கரும்பலகை மட்டும் நினைவுக்கு வந்தது.

நாம் குடியேறிய அடுக்குமாடியில் எதிர்வாசலில் ஒரு ஜேர்மனிய மூதாட்டி தனியே வாழ்ந்து வந்தார். நாம் ஆசிரியராக இருந்தவர் என்று அறிந்தபின் "ஹெர் லேறர்" என்றே எம்மை அழைப்பார். நாமோ அப்போது ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மாலை, நாம் இல்லாத நேரத்தில் தபாற்காரர் விட்டுச்சென்ற பொதியொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே அழைத்தோம். சமையலறை மேசையில் எம் துணைவியார் ஊறப்போட்டிருந்த உழுந்துச் சட்டியைக் கண்டு, இது என்ன பருப்பு, எதற்கு ஊறவைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அவர் நாற்காலியில் அமர்ந்தார். "அன்றைக்கு எங்கள் அம்மாவும் பட்டாணி ஊறப்போட்டிருந்தார்" என்றார். என்றைக்கு என்று கேட்டோம். 1945 ஜனவரி 20 என்றார்.

அவருடைய ஊர் பிறெஸ்லோ. சிலேசியா மாகாணத்தின் தலைநகர். 1945 ஜனவரி 12 ஆந் திகதி சோவியத் படைகள் விஸ்துலா ஆற்றங்கரையிலிருந்து பெருந்தாக்குதலைத் தொடங்கின. 17 ஆந் திகதி வார்சோ வீழ்ந்தது. பிறெஸ்லோ நகரம் இறுதிவரை போரிடவேண்டிய கோட்டையென ஏலவே அறிவிக்கப்பட்டிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் வெளியேறவேண்டும் என்று நாஜி மாவட்டத் தலைவர் கடைசி நேரத்திற்றான் கட்டளையிட்டார். புகையிரதங்கள் போதவில்லை. எனவே தெருவோரத்து ஒலிபெருக்கிகள், தென்மேற்கே கான்ற் என்ற சிற்றூரை நோக்கிக் கால்நடையாகப் போங்கள் என்று அறிவித்தன. குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை அளவில் இருந்தது.

ஒலிபெருக்கி என்ற சொல்லை அவர் சொன்னபோது எம் துணைவியார் எம்மைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு அப்போது வயது ஏழு. தந்தையார் கிழக்கே போர்முனையில். தாயார், கைக்குழந்தையான தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினார். அவர் வண்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தார். வீதியோரத்துப் பனியில் வேறு தள்ளுவண்டிகள் நின்றன. "அவற்றைப் பார்க்காதே" என்று தாயார் சொன்னாராம். அந்த நடைப்பயணத்தில் ஏராளமான குழந்தைகள் விறைத்து இறந்தன என்பதை நாம் பின்னர் நூல்களில் படித்தோம். அவர் நூல் எதையும் மேற்கோள் காட்டவில்லை. பார்க்காதே என்று சொல்லப்பட்டவற்றைப் பார்த்தவர் அவர்.

அந்தக் குளிர்காலம் பற்றி நாம் கரும்பலகையில் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. ஜனவரி 30 ஆந் திகதி இரவு, கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து தப்பியவர்களை ஏற்றிச்சென்ற வில்ஹெல்ம் குஸ்ட்லோவ் என்ற கப்பலைச் சோவியத் நீர்மூழ்கி ஒன்று போல்டிக் கடலில் மூழ்கடித்தது. ஒன்பதினாயிரம் பேர்வரை மாண்டனர் என மதிப்பிடுவர். அவர்களுட் பெரும்பாலோர் அகதிகள். ஒரே கப்பலோடு இத்தனை உயிர்கள் போனதாக வரலாற்றில் வேறு பதிவில்லை. எம் அயலவரின் குடும்பம் டிறெஸ்டன் நகருக்குப் போகவிருந்தது. வண்டி வழியில் நின்றுவிடவே, ஓர் உறவினரின் கிராமத்தில் தங்கினார்கள். பெப்ரவரி 13 ஆந் திகதி இரவு தொலைவில் வானம் சிவந்திருந்தது. பிரித்தானிய, அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் டிறெஸ்டனில் இறந்தோர் தொகை இருபத்தையாயிரம்வரை என்று அந்நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2010 இல் முடிவு கூறியது.

இவற்றைக் கேட்டு நாம் பரிவோடு ஏதோ சொன்னோம். அவர் கையை உயர்த்தி எம்மை நிறுத்தினார். அதன்பின் அவர் சொன்னதைத்தான் நாம் இக்கட்டுரையின் உள்ளீடாகக் கருதுகிறோம்.

"ஹெர் லேறர், எங்கள் தெருவிலிருந்து முதலில் போனவர்கள் நாங்களல்லர்" என்றார். 1941 நவம்பரில் பிறெஸ்லோ நகர யூதர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு லிதுவேனியாவின் கௌனாஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே சில நாட்களில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் அடுத்த ஆண்டுகளில் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவருடைய தெருவிலும் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் போன நாளில் தம் தாயார் சாளரத்திரையின் பின்னே நின்று பார்த்ததாகவும், எங்கே போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை என்றும், தாயார் முதுமையில் அதனைத் தமக்குச் சொன்னார் என்றும் கூறினார்.

நாம் பின்னர் படித்தறிந்த ஒன்று இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. பிறெஸ்லோ மக்கள் பனியில் நடந்த அதே நாட்களில், அதே சிலேசியாவின் மற்றொரு பகுதியில் வேறு மனிதர்களும் நடந்துகொண்டிருந்தார்கள். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஏறத்தாழ அறுபதினாயிரம் கைதிகளை மேற்கு நோக்கி நடத்திச் சென்றனர். தளர்ந்து விழுந்தவர்களை வழியிலேயே சுட்டனர். ஜனவரி 27 ஆந் திகதி சோவியத் படையினர் முகாமினுள் நுழைந்தபோது, நடக்கமுடியாது விடப்பட்ட ஏழாயிரம் பேரளவினரே அங்கு உயிரோடிருந்தனர். அந்த ஒரு முகாமில் மட்டும் கொல்லப்பட்டோர் பதினொரு இலட்சம் பேர். பனி ஒன்றே, மாகாணம் ஒன்றே. ஆயினும் இருவகை நடையையும் ஒன்றெனச் சொல்லிவிட முடியாது. எம் அயலவரும் அவ்வாறு சொல்லவில்லை. 1985 இல் ஜேர்மனிய ஜனாதிபதி வைட்செக்கர் மே 8 ஐ விடுதலை நாள் என்று அழைத்தார். அந்நாளை ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 ஜனவரி 30 இலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்றும் சொன்னார். தம் வீடு 1945 இல் அன்று, 1933 இலேயே போய்விட்டது என்று எம் அயலவர் அவ்வுரையை விளக்குவார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சாளரத்திரை என்ற சொல் எம்மை விடவில்லை. 1990 ஒக்ரோபர் இறுதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நாம் பல்கலைக்கழக மாணவர். எமக்குப் பழக்கமான ஒரு தையற்கடைக்காரர் அவர்களோடு போனார். அவரிடம் நாம் தைக்கக் கொடுத்த காற்சட்டை ஒன்று இருந்தது. அதனை எப்படி வாங்குவது என்று எண்ணினோமே தவிர, அவர் எங்கே போகிறார் என்று கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே ஒக்ரோபரில் நாமும் போனோம். நடந்தவற்றின் அளவும் தன்மையும் வேறு என்பதை அறிவோம். கேட்காமல் நின்ற குற்றம் ஒன்றுதான். இதனை எம்மவர் பத்திரிகையில் எம்மவருக்கே எழுதுவது கடன் என நினைக்கிறோம்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம்.

மே 8 ஆந் திகதி எல்லாருக்கும் ஒரே நாளாக விடியவில்லை. வட ஜேர்மனியிலுள்ள பேர்கன் பெல்சன் முகாமைப் பிரித்தானியப் படை ஏப்ரல் 15 ஆந் திகதியே விடுவித்திருந்தது. உள்ளே ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் இருந்தனர். அவர்களுட் பதின்மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் விடுதலைக்குப் பின்னரே பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். பிழைத்த யூதர்கள் பலருக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது, உறவு இருக்கவில்லை. திரும்பிய சிலர் கண்டது பகையை. போலந்தின் கியெல்சே நகரில் 1946 ஜூலையில், உயிர்தப்பி வந்த யூதர்கள் 42 பேர் கும்பலொன்றால் கொல்லப்பட்டார்கள். பெல்சனுக்கு அருகே அமைந்த அகதிமுகாம் 1950 வரை இயங்கியது. பவேரியாவிலிருந்த பேரன்வால்ட் முகாம் 1957 இலேயே மூடப்பட்டது. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் முகாம் வாழ்க்கை. இதே மே 8 அன்று அல்ஜீரியாவின் செட்டிஃப் நகரில், வெற்றி விழாவோடு தம் விடுதலையையும் கேட்டு ஊர்வலம் போன மக்கள்மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. அங்கு எழுந்த கலவரத்தைத் தொடர்ந்த வாரங்களில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் கொல்லப்பட்டார்கள்.

ஜூலை 17 முதல் ஓகஸ்ட் 2 வரை நடந்த பொற்ஸ்டாம் மாநாட்டை நாம் ஒரே வரியில் எழுதினோம். அங்கே மூன்று வல்லரசுகள் போலந்தை மேற்கு நோக்கி நகர்த்தின. ஓடர், நைசே ஆறுகளுக்குக் கிழக்கேயிருந்த ஜேர்மனிய நிலம் போலந்தின் நிருவாகத்தில் விடப்பட்டது. கிழக்கே போலந்தின் பழைய நிலம் சோவியத்துக்குப் போனது. ஜேர்மனிய மக்களின் இடமாற்றம் ஒழுங்கோடும் மனிதாபிமானத்தோடும் நடைபெறவேண்டும் என்று ஏட்டில் எழுதினார்கள். மனிதாபிமானம் பெரும்பாலும் ஏட்டில் நின்றது. தப்பியோடியோரும் துரத்தப்பட்டோருமாக 1950 அளவில் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் ஜேர்மனியர், சுருங்கிய ஜேர்மனிக்குள் வந்து சேர்ந்திருந்தனர். பிறெஸ்லோ மே 6 இல் சரணடைந்து, வுறொட்ஸ்வாவ் என்ற போலந்து நகரமாயிற்று.

எம் அயலவர் தொண்ணூறுகளில் ஒருமுறை அங்கே போய்வந்தார். தம் வீடு குண்டுக்குத் தப்பி நின்றதைக் கண்டு கதவைத் தட்டினார். ஒரு போலந்து மூதாட்டி திறந்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. அம்மூதாட்டியின் பேரன் மொழிபெயர்த்தான். அவரும் அந்த ஊரவரல்லர். லுவோவ் நகரிலிருந்து, இப்போது உக்ரேனில் உள்ள லிவிவ் இலிருந்து, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட போலந்து மக்கள் மேற்கே அனுப்பப்பட்டபோது தாயோடு மூட்டை முடிச்சுடன் வந்து இறக்கப்பட்டவர். வந்த முதற் பல ஆண்டுகள் பெட்டிகளை முற்றாக அவிழ்க்கவில்லை, எப்படியும் திரும்பிவிடுவோம் என்றிருந்தோம் என்று சொன்னாராம். இருவரும் அந்தச் சமையலறையில் தேநீர் குடித்தார்கள். வீட்டைத் திருப்பிக் கேட்கவா வந்தீர்கள் என்று பேரன் மெல்லக் கேட்டான். இல்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று இவர் சொன்னார்.

வந்த இடத்தில் எப்படி வரவேற்றார்கள் என்றும் நாம் கேட்டோம். அவர் சிரித்தார். ஒரு விவசாயியின் வீட்டில் அதிகாரிகள் கட்டாயமாக ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரி அடுப்பைப் பாவிக்க நேரம் குறித்துக் கொடுத்தாள். ஒரே மொழி, ஒரே நிறம், ஒரே சமயம். ஆயினும் பள்ளியில் பிள்ளைகள் இவரைப் "போலாக்" என்று பழித்தார்கள். பேச்சின் ஒலி வேறு என்று எள்ளினார்கள். தந்தையாரைத் தேடித் தாயார் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடற் சேவைக்கு எழுதினார். அக்காலத்தில் பெற்றோரைத் தொலைத்த குழந்தைகளின் படங்கள் சுவரொட்டிகளாகப் பொது இடங்களில் தொங்கின. தம் பெயரே அறியாத குழந்தைகளும் அவற்றில் இருந்தன. தந்தையாரைப் பற்றி விடை வரவேயில்லை. இந்நாட்டின் பாட் அறோல்சன் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் நாஜிகளால் துன்புறுத்தப்பட்டோர், இடம்பெயர்ந்தோர் என ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம் மனிதரைப் பற்றிய பதிவுகள் உள. நாம் 1945 ஐ ஒன்பது வரிகளில் முடித்திருந்தோம்.

ஆசியாவிலும் இதே கதைதான். மார்ச் 9, 10 ஆந் திகதி இரவில் ரோக்கியோ நகரம் தீக்குண்டுகளால் எரிந்து ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மடிந்தார்கள். பத்து இலட்சம் பேர் வீடிழந்தார்கள். ஹிரோஷிமாவில் அவ்வாண்டு முடிவுக்குள் இறந்தோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதினாயிரம் பேர், நாகசாகியில் எழுபதினாயிரம். போரின் பின் ஆசியாவெங்குமிருந்து அறுபது இலட்சத்திற்கு மேற்பட்ட ஜப்பானியர் ஊர் திரும்பினார்கள். மஞ்சூரியாவில் சீனக் குடும்பங்களிடம் விடப்பட்ட அவர்களின் குழந்தைகள் பலர் பல பத்தாண்டுகள் திரும்பவில்லை. ஜப்பானியர் சகாலின் தீவுக்குக் கொண்டுபோன பல்லாயிரம் கொரியரை ஏற்றிப்போகக் கப்பல் வரவில்லை. அவர்களுடைய நாடும் அந்த ஓகஸ்டிலேயே 38 ஆவது அகலக்கோட்டில் இரண்டாக்கப்பட்டது.

எம்மவரும் இந்தக் கணக்கில் உண்டு. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளத்திற்கு ஜப்பானியர் அமைத்த புகையிரதப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னீராயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை தொண்ணூறாயிரம்வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். எவரும் சரியாக எண்ணவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் மயானத்தில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. எம்மவர்க்கு அத்தகைய கல் இல்லை. தமிழ் மாணவர்க்குத் தமிழில் வரலாறு கற்பித்த நாம் இதனையும் சொல்லவில்லை.

அவ்வாண்டு நல்லதும் நடந்தது என்பதை மறைத்தால் அதுவும் பிழையான விடையாகும். ஏப்ரல் 25 ஆந் திகதி எல்ப ஆற்றங்கரையில் தோர்கவ் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினரும் சோவியத் படையினரும் கைகுலுக்கினர். அதே நாளில் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. ஒக்ரோபர் 24 இல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 20 இல் நூரெம்பேர்க்கில் குற்றம் புரிந்த தலைவர்களை நீதிமன்றில் நிறுத்தினார்கள். வீடு திரும்பாத அந்த மக்கட் கூட்டத்தை என்ன செய்வது என்று அறியாது உலகம் திகைத்ததன் பயனாகவே, 1951 ஜூலை 28 ஆந் திகதி ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை பிறந்தது. அவ்வுடன்படிக்கை முதலில் 1951 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் நிகழ்ந்தவற்றால் அகதியானோர்க்கே உரியதாயிருந்தது. 1967 இல் தான் அக்காலவரம்பு நீங்கியது. அரசியற் காரணங்களால் துன்புறுத்தப்படுவோர்க்குப் புகலிடம் உண்டு என்று ஜேர்மனி தன் 1949 ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில் எழுதியது. 1993 இல் அதனை வெகுவாகச் சுருக்கியது. எம் பையிலிருக்கும் வதிவிட அட்டையின் வேர், அந்த மாணவன் கேட்ட கேள்வியிலேதான் இருக்கிறது. எல்லாரும் வீடு திரும்பியிருந்தால் அச்சட்டங்களுக்குத் தேவை இருந்திராது.

எம் அயலவர் 2021 இல் காலமானார். இறுதிச் சடங்குக்கு எம் துணைவியாரும் நாமும் போயிருந்தோம். அவருடைய தம்பி, தள்ளுவண்டியில் வந்த அந்தக் குழந்தை, கைத்தடியோடு நின்றார். எம்மை யாரென்று கேட்டார். எதிர்வாசல் என்றோம். "ஓ, ஹெர் லேறர்" என்று எம் கையைப் பற்றிக்கொண்டார்.

அந்த மாணவன் இருந்தால் இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். இப்பத்திரிகை அவன் கைக்கு எட்டும் நாடொன்றில் இருக்கவும் கூடும். அவனுக்கு இதனைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தம்பி, சிலர் வீடு போனார்கள். கோடிக்கணக்கானோர் போகவில்லை. போனவர்களிற் பலர் விட்டுவந்த வீட்டைக் காணவில்லை. சிலர் போன வீட்டில், போகமுடியாத வேறொருவர் இருந்தார். அன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்ததால் நாம் பொய் சொல்லிவிட்டோம். இன்று எமக்கு ஓய்வு உண்டு. இன்னுங் கேட்கவேண்டியது இருந்தால் இப்பத்திரிகைக்கு எழுது, எமக்குக் கிடைக்கும். உன் அம்மம்மா பாலத்தைக் கடந்து சேர்ந்தாரா என்பதையும் எழுது.